ஓரத்தில் ஒரு வெற்றி

ஜெயிப்பதில் பல தினுசு உண்டு. எதிராளியைத் துவைத்துக் காயப்போடுவது ஒன்று. நாக்கு தள்ள ஓடி மயிரிழையில் ஜெயிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது தினுசுக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கும் வார்த்தைதான் 'எட்ஜ் அவுட்'.

எட்ஜ் என்றால் ஓரம். உடனே, "தெரியுமே! பேட்டோட ஓரத்துல பட்டு கீப்பர் கையில கேட்ச், அவுட்!" என்பீர்கள். அது வேற அவுட் சார். இது, கூட ஓடுகிறவரை நூலளவு முந்தி வெளியே தள்ளுவது.

உதாரணம் வேண்டுமா? 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். ருமேனியாவின் கொஜோகாரு 55.41 செகண்ட். நம்ம பி.டி. உஷா 55.42. செகண்டில் நூறில் ஒரு பங்கு, வெண்கலம் போச்சு! கண் இமைக்கவே அதைப்போல் பத்து மடங்காவது ஆகும். 'உஷா வாஸ் எட்ஜ்டு அவுட்' என்றால் கச்சிதம். ஆனால் தங்கம் வாங்கிய மொராக்கோவின் நவால், 54.61. அவர் உஷாவை 'எட்ஜ் அவுட்' செய்தார் என்று எழுதினால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். முக்கால் செகண்டுக்கு மேல் வித்தியாசம். அது நூல் இல்லை, தாம்புக்கயிறு.

கொஞ்சம் இலக்கணம். 'எட்ஜ்டு அவுட் உஷா', 'எட்ஜ்டு உஷா அவுட்' இரண்டும் செல்லும். பேருக்குப் பதில் 'ஹெர்', 'ஹிம்' வந்தால் மட்டும் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'எட்ஜ்டு ஹெர் அவுட்'. பஸ்ஸில் மூணு பேர் சீட்டின் நடு ஆள் மாதிரி.

இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஆபீஸ்காரர்கள் கவனிக்க. ஒருத்தரை டிஸ்மிஸ் பண்ணாமலே, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நாற்காலியைக் காலி பண்ண வைப்பதும் 'எட்ஜ் அவுட்'தான். முதலில் மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் ஃபைல் வராது. அப்புறம் மேஜை ஜன்னலோரத்திலிருந்து ஸ்டோர் ரூம் பக்கம் போகும். ஒரு நாள் அவரே ராஜினாமா எழுதி நீட்டுவார். தமிழில் இதற்கு 'ஓரங்கட்டுவது' என்று பெயர். பாருங்கள், இங்கேயும் அதே ஓரம்!

ஓட்டத்தில் தோற்றவருக்காவது கணக்கு உண்டு, 55.42 என்று. ஆபீஸில் எந்த நிமிஷத்தில் தோற்றோம் என்பதே தெரியாது. அதனால், ரெண்டு வாரமாக ஃபைலே வரவில்லை என்றால், "அப்பாடா, வேலை குறைஞ்சுது" என்று கேன்டீனுக்குக் கிளம்பாதீர்கள். எழுந்துபோய் ஏன் என்று கேளுங்கள்.