பப் கதவு யாருக்குத் திறந்தது?

பிரிட்டனில் படிக்கும் நம் மாணவர்கள் வார இறுதியில் ஒரு நகரத்துக்குக் கிளம்பினால், 'நல்ல பாரம்பரிய பப் எங்கே இருக்கிறது' என்று தேடாமல் போவதில்லை. தேடட்டும், தவறில்லை. ஆனால் 'பாரம்பரியம்' என்ற சொல் வந்தாலே 'யாருடைய பாரம்பரியம்?' என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். பப் வாசலில் மட்டும் அந்தக் கேள்வியைச் செருப்பைப் போலக் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு தெளிவு. சென்னை நட்சத்திர ஓட்டல்களில் பப் என்று சொல்லப்படுவது வேறு. டாஸ்மாக் பாரும் வேறு. பிரிட்டனில் பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். அதாவது பொது வீடு. நம் ஊரில் தெருமுனை டீக்கடை செய்கிற வேலையை அங்கே பப் செய்கிறது. செய்தித்தாள், கால்பந்து, சங்கக் கூட்டம், அரசியல் சண்டை எல்லாம் அங்கேதான். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டும் உட்காரலாம்.

பர்மிங்காமை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள் போதும். சில எளிய அடையாளங்கள் உண்டு. ரயில் நிலையத்தை ஒட்டிய பளபளப்பான இடங்களை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருக்களில் நடங்கள். கவுண்டரில் உயரமான கைப்பிடிகள் வரிசையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். பீப்பாயிலிருந்து பீரை இழுத்து ஊற்றும் பம்புகள் அவை. இந்தப் பழைய முறை அழியக் கூடாது என்று 1971-இல் தொடங்கிய 'கேம்ரா' என்ற நுகர்வோர் இயக்கம், பழைமை மாறாத பப்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அது நம்பகமான வழிகாட்டி. மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள்; கவுண்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். கூட்டமாகப் போனால் ஆளுக்கொரு சுற்று எல்லோருக்கும் வாங்குவது அங்கே வழக்கம். மாணவர் பணப்பைக்கு அது கட்டுப்படியாகாது என்றால் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பப்கள் தொடர்ந்து மூடப்பட்டுவரும் காலம் இது. திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பட்டியலில் நிச்சயம் வரும் ஒரு பெயர், ஆஸ்டன் பகுதியின் பார்ட்டன்ஸ் ஆர்ம்ஸ். 1901-இல் கட்டி முடிக்கப்பட்டது. சுவரெல்லாம் வண்ண ஓடுகள், செதுக்கிய மரவேலை, வேலைப்பாடுள்ள கண்ணாடி. அழகுதான், மறுக்கவில்லை. அங்கே போனால் கவுண்டரின் மேல் கண் மட்டத்தில் வரிசையாக இருக்கும் சிறிய கண்ணாடிக் கதவுகளைப் பாருங்கள். 'ஸ்னாப் ஸ்கிரீன்' என்று பெயர். வசதி படைத்தவர் குடிக்கும்போது, ஊற்றிக் கொடுக்கும் பணியாளரின் கண்ணும் எதிர்ப்பக்கத்து உழைப்பாளியின் கண்ணும் தன் மேல் படாமல் இருக்க வைத்த தடுப்பு. அந்தக் காலத்துப் பப்களில் அறைகளும் தனித்தனி. உழைப்பாளிக்குப் 'பப்ளிக் பார்'. கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பவருக்குச் 'சலூன்' அல்லது 'ஸ்மோக் ரூம்'. பீர் ஒன்றுதான், அறை வேறு. இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பர்மிங்காமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஸ்மெத்விக். ரயிலில் சில நிமிடப் பயணம். இரும்பு வார்ப்படத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய 1950-களில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். உலை முன்னால் நாளெல்லாம் நின்றுவிட்டு வருபவருக்கு மாலையில் ஒரு பப் வேண்டும். ஆனால் அங்கிருந்த பல பப்களில் நிறத்தடை இருந்தது. சிலவற்றில் நுழையவே முடியாது. சிலவற்றில் பப்ளிக் பாரோடு சரி, ஸ்மோக் ரூமுக்குள் கால் வைக்கக் கூடாது. வர்க்கத்தின் பெயரால் கட்டிய சுவரை நிறத்தின் பெயரால் இன்னும் உயர்த்தினார்கள்.

இதை எதிர்த்தது இந்தியத் தொழிலாளர் சங்கம். வார்ப்படத் தொழிலாளியான அவதார் சிங் ஜௌஹல் அதன் முன்னணித் தோழர்களில் ஒருவர். பர்மிங்காம் பல்கலைக்கழக மாணவர்களும் இந்தப் போராட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளை மாணவர்களும் இந்தியத் தொழிலாளர்களும் பப் பப்பாகப் போவார்கள். யாருக்கு ஊற்றுகிறார்கள், யாருக்கு மறுக்கிறார்கள் என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார்கள். உங்கள் வயது மாணவர்களுக்கு வார இறுதியில் பப் சுற்றுவதே போராட்டமாக இருந்த காலம் அது. 1965 பிப்ரவரி 12 அன்று ஜௌஹலின் அழைப்பில் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக் வந்தார். ப்ளூ கேட்ஸ் என்ற பப்புக்குப் போனார்கள். ஸ்மோக் ரூமில் அவர்களுக்கு ஊற்ற மறுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இது ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல. பிரிஸ்டலில் 1963-இல் பேருந்துப் புறக்கணிப்பை முன்னின்று நடத்திய பால் ஸ்டீபன்சன், அடுத்த ஆண்டு ஒரு பப்பில் தனக்குப் பரிமாற மறுத்தபோது எழுந்து போகவில்லை. கைது செய்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இப்படிப் பலர் எழுந்து போக மறுத்த பிறகுதான் 1965-இன் இறுதியில் இன உறவுச் சட்டம் வந்தது. பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்ப்பதை அது தடை செய்தது. அதிலும் ஓர் ஓட்டை. உறுப்பினர்களுக்கான தனியார் மன்றங்களுக்கு அது பொருந்தவில்லை. பிரஸ்டன் நகரத்துத் துறைமுகத் தொழிலாளர் மன்றம் ஒன்றே இந்த ஓட்டையைக் காட்டி 1974-இல் பிரபுக்கள் அவையில் வென்றது. 1976-இல் வந்த புதிய சட்டம்தான் அதை அடைத்தது. தொழிலாளி என்பதாலேயே ஒருவர் சமத்துவவாதி ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்று ஸ்மெத்விக், வெஸ்ட் பிராம்விச், ஹேண்ட்ஸ்வொர்த் பக்கம் போனால் 'தேசி பப்'களைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் உள்ளே விடாதவர்களின் பிள்ளைகளும், வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் ஒரே மேசையில் தந்தூரி கறியும் பீருமாக உட்கார்ந்திருப்பார்கள். டேவிட் ஜேசுதாசன் 2023-இல் இவற்றைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். வெளியிட்டது அதே கேம்ரா. வெஸ்ட் பிராம்விச் ரெட் லயனில் பஞ்சாபித் தொழிலாளர்களின் வரலாறு வண்ணக் கண்ணாடி ஜன்னலாக நிற்கிறது. என்னைக் கேட்டால், பாரம்பரியம் என்ற சொல்லுக்குத் தகுதியான பப் இதுதான். பழைமையைக் காட்டும் ஓடும் மரமும் மட்டும் போதாது. கதவு திறக்கப்பட்ட வரலாறும் வேண்டும்.

ஆனால் கேள்வி இங்கேயும் முடியவில்லை. கடல் கடந்தவர்கள் சாதியையும் பெட்டியில் வைத்துத்தான் எடுத்துப் போனார்கள். பிரிட்டிஷ் அரசே கேட்டு நடத்திய ஆய்வு, அங்கே சாதிப் பாகுபாடு இருப்பதற்கான சான்றுகளை 2010-இல் முன்வைத்தது. 2013-இல் நாடாளுமன்றம் சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. 2018-இல் அரசு பின்வாங்கியது. நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. நிறத்தைப் பெயர் சொல்லித் தடுத்த நாடு, சாதியைப் பெயர் சொல்லத் தயங்குகிறது.

எனவே போய் வாருங்கள் தோழர்களே. ஓடுகளைப் படம் எடுங்கள், அந்தக் கண்ணாடித் தடுப்பையும் சேர்த்து எடுங்கள். தேசி பப்பில் பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே 'உங்க முழுப் பேரு என்ன?' என்று கேட்டால், அவர் எதைத் தேடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து போகாதீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.