கோயில் நமது, நிலம் யாருடையது?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க உலகமே வருகிறது. பச்சை மலையைப் படம் பிடிக்கிறார்கள். அந்த மலையில் நம் பாட்டன் பாட்டிகள் கட்டிய லயத்துக் கோயிலை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

1929ல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்தித் தேயிலை பயிரிட்டவர்களில் தமிழர்களும் உண்டு. அன்றைய மலாயாத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் கட்ட வெள்ளைக்காரத் துரைமார் இடம் கொடுத்தார்கள். அது பக்தியா? இல்லை! கோயிலும் திருவிழாவும் இருந்தால் தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடமாட்டான் என்ற கணக்கு. இடம் கொடுத்தார்கள், பட்டா கொடுக்கவில்லை.

மதத்தையும் இனத்தையும் வைத்து ஆண்டது வெள்ளையனின் பழைய வழக்கம். 1874 பங்கோர் ஒப்பந்தத்தின்படி, மலாய்க்காரரின் மதமும் பழக்கவழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சொல்வதைச் சுல்தான் கேட்க வேண்டும். 1888ல் பகாங்கிற்கும் ரெசிடெண்ட் வந்தார். மலாய்க்காரரின் மதம் அரண்மனையின் பொறுப்பானது. தமிழனின் சாமியோ தோட்டத் துரையின் தயவில் நின்றது.

வெள்ளையன் போனான், அவன் போட்ட கோடு போகவில்லை. 1957 அரசியலமைப்பின் 160வது பிரிவு, மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்று மதத்தை இனத்தோடு சேர்த்தே சொல்கிறது. ஆகவேதான் இந்நாட்டில் ஒரு கோயில் பிரச்சினை உடனே இனப் பிரச்சினையாகிவிடுகிறது. 2007 அக்டோபர் 30ஆம் நாள் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. அடுத்த மாதம் 25ஆம் நாள் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கோலாலம்பூர் வீதியில் இறங்கியதை மறக்க முடியுமா?

அதே அரசியலமைப்பின் 11வது பிரிவு, ஒவ்வொரு மதத்தினரும் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உரிமை தருகிறது. ஆனால் 1965 தேசிய நிலச் சட்டத்தின் 341வது பிரிவோ, எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் பட்டாதாரர் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது. நான்கு தலைமுறை சூடம் கொளுத்தினாலும் நிலம் நமக்குச் சொந்தமாகாது! முதலாளி மாறினால், தோட்டம் விற்கப்பட்டால், கோயில் கதி என்ன?

இதற்கு மலாய்க்காரத் தொழிலாளியைப் பகைப்பதால் பயனில்லை. நமக்கு முன்பே இம்மலையில் வாழ்ந்த செமாய் பூர்வகுடிகளும் தங்கள் நிலத்துக்காகத்தான் போராடுகிறார்கள். அவர்களையும் நாம் துணையாகக் கொள்ள வேண்டும்.

கோயில் கமிட்டியினரே! தோட்ட நிர்வாகத்தின் பழைய கடிதங்கள், திருவிழாப் படங்கள், கணக்குப் புத்தகங்கள், நில லாட் எண் எல்லாவற்றையும் இன்றே சேகரியுங்கள். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. ஆகவே கோயில் நிலத்தைப் பிரித்துத் தனிப் பட்டா கொடுக்கும்படி நிர்வாகத்திடமும் பகாங் அரசிடமும் எழுத்து மூலம் கேளுங்கள். தேர்தல் நேரத்து மானியக் காசோலையோடு திருப்தி அடையாதீர்கள். காசோலை கூரைக்குச் சாயம் பூசும். பட்டாதான் கோயிலைக் காக்கும்!