ஈர ஷூவில் என்ன சமத்துவம்?

"பருவத்துக்குப் பருவம் மாற்றினால் அது சீருடையா? ஏழை, பணக்காரன் தெரியக் கூடாது என்பதற்குத்தானே அது?" என்று கேட்கிறார்கள். மும்பையில் அந்த வாதம் ஜூன் மாதத்திலேயே உடைந்துவிடுகிறது. பள்ளி திறப்பதும் மழை இறங்குவதும் இங்கே ஒரே சமயத்தில்தான்.

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் வெயில் எட்டிப் பார்க்காது. ஒற்றை அறையில், அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் டெரிகாட்டன் பேன்ட் இரவெல்லாம் தொங்கும். விடிந்தாலும் இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் ஈரம்தான். இஸ்திரிப் பெட்டியை அழுத்தி, ஆவி பறக்க அதையே மாட்டி அனுப்புகிறாள் அம்மா. கறுப்பு லெதர் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்தாலும் காய்வதில்லை. ஈர சாக்ஸிலேயே நாள் முழுக்க உட்கார்ந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வராமல் என்ன செய்யும்? மாட்டுங்காவில் மாற்று ஜோடி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை காய்ந்த காலோடு வருகிறான். யார் ஏழை என்பதை வகுப்பில் காட்டிக்கொடுப்பது, எல்லாப் பருவத்துக்கும் ஒரே சீருடை என்ற உங்கள் பள்ளி விதிதான்.

ஒழுக்கம் கெடும் என்பதும் வீண் பயம். கோடையில் கீழமை நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களுக்கே கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. 2022 மே மாதம், வெப்ப அலையை முன்னிட்டு லெதர் ஷூவுக்குப் பதில் கேன்வாஸ் ஷூவை அனுமதிக்கலாம் என்று மத்திய கல்வி அமைச்சகமே பள்ளிகளுக்குச் சொன்னது. வெயிலுக்குத் தந்த சலுகையை மழைக்கும் தாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ரப்பர் செருப்பும் அரைக்கால் சட்டையும் சீருடைதான் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.