விருந்தினர்க்கு எதைக் காட்டுகிறோம்?

திருவிழாவுக்குத் தமிழகத்திலிருந்து உறவினர் வந்தால், சித்தியவானில் நாம் செய்வது ஒன்றே. லுமுட்டில் படகேற்றிப் பங்கோர் தீவைக் காட்டுகிறோம். நெத்திலிக் கருவாடு வாங்கிக் கொடுத்து வழியனுப்புகிறோம். நானும் அதையே செய்து வந்தவன்தான்.

சென்ற முறை வந்தவர், சிறுவயதில் தாயகம் திரும்பிய என் சித்தப்பா. "எங்கள் அப்பா மரம் வெட்டிய தோட்டம் எங்கே, தம்பி?" என்று கேட்டார். அழைத்துச் சென்றேன். பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை. லயன் வீடுகள் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். உடன் வந்த என் பிள்ளைகளும் அக்கோயிலை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். ஆலயச் செயலாளராகிய எனக்கு வெட்கமாயிருந்தது.

பத்துகாஜா அருகே கெல்லி மாளிகையைக் காணச் செல்வோரில் எத்தனை பேர் பக்கத்து மாரியம்மன் ஆலயத்தை எட்டிப் பார்க்கின்றனர்? மாளிகை கட்டிய நம்மவர்கள் கொள்ளைநோயில் மடிந்தபோது எழுந்த ஆலயம் அது. தெய்வ உருவங்களுக்கிடையே கெல்லி சுமித் துரையின் சிலையும் கூரைமேல் நிற்கிறது. 1926-இல் துரை லிஸ்பனில் இறந்தார். மாளிகை முற்றுப் பெறவேயில்லை.

இவ்வாண்டு விருந்தினரை வரவேற்கும் மெய்யன்பர்கள், முதல் நாளைத் தோட்டக் கோயிலுக்கு ஒதுக்குங்கள். காரில் பிள்ளைகளையும் ஏற்றிக் கொள்ளுங்கள். நான் சொன்ன கோயிலில் விளக்கேற்ற இன்று இருப்பவர்கள் முதியோர் நால்வரே.