பெயர் மாறும் வரை அது உங்கள் கார் அல்ல

தினமும் காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல் என்று உங்களுக்குச் சொல்வது என் வேலை. போன மாதம் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு நெரிசல்.

தங்கை தாதி. கிள்ளானில் இரவு வேலை. பழைய மைவி ஒன்று தேடிக்கொண்டிருந்தவள் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. 2017ஆம் ஆண்டுக் கார், தனிநபரே நேரடியாக விற்கிறார், விலை சந்தை விலையில் பாதிகூட இல்லை. "இன்னும் ரெண்டு பேர் பார்க்க வர்றாங்க, இப்பவே 1,000 வெள்ளி முன்பணம் போட்டுடுங்க" என்றாராம். தங்கை வங்கிச் செயலியைத் திறந்துவிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை வரை பொறு" என்று தடுத்து, பட்டறை வைத்திருக்கும் மாமாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

மாமா எஞ்சினைத் திறக்கவே இல்லை. முதலில் இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்தார். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் வாரின் உள்பகுதியில் சேற்றுக் கோடு தங்கிவிடுமாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் பக்கம் எத்தனை கார்கள் முங்கின என்பது நமக்குத் தெரியும். பிறகு விரிப்பைத் தூக்கித் துருவையும், பின்பெட்டித் தரையில் ஒட்டுவேலையையும் தேடினார். டயரில் உள்ள நான்கு இலக்கங்களையும் படித்தார். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடைசியாகத்தான் எஞ்சின்.

"கார் நல்ல கார்தான். இனி கெரானைக் காட்டுங்க தம்பி."

வந்தது கைப்பேசியில் ஒரு படம். கீழ்ப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. சேசிஸ் எண்ணின் 17 எழுத்தும் காரோடு ஒத்துப்போயின. பெயர்தான் வேறு. "அண்ணன் பேர்ல இருக்கு" என்றார். முழுப் படத்தைக் கேட்டோம். வெட்டிய இடத்தில் வங்கியின் உரிமைக் கோரிக்கை இருந்தது. "இன்னும் மூணு வருஷம்தான். மாசாமாசம் என்கிட்ட கொடுத்திடுங்க, பேரைப் பிறகு மாத்திக்கலாம்."

இதுதான் நம் ஊரில் 'சம்போங் பாயார்'. கடன் முடியும் வரை கார் வங்கிக்குச் சொந்தம். வங்கிக்குத் தெரியாமல் அதை விற்பது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். நீங்கள் கொடுத்த பணத்தை அவர் வங்கியில் கட்டவில்லை என்று வையுங்கள். தொடர்ந்து இரண்டு தவணை விடுபட்டால், அறிவிப்பு அனுப்பிவிட்டு வங்கி காரை இழுத்துக்கொள்ளலாம். அந்த அறிவிப்பும் உங்களுக்கு வராது, கெரானில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். விபத்து நடந்தால் காப்புறுதிப் பணமும் அப்படித்தான்.

மாமா சொன்ன வரிசையை எழுதி வைத்திருக்கிறேன். முதலில் கெரானின் அசலையும் விற்பவரின் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் பாக்கி இருந்தால், எவ்வளவு மிச்சம் என்று வங்கியிடமே கடிதம் வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேராக வங்கியில் கட்டுங்கள். சம்மன் பாக்கி இருந்தால் பெயர் மாற்றமே தடைபடலாம், அதை விற்பவர் தீர்க்கட்டும். அடுத்தது புஸ்பாகோமில் பி5 பரிசோதனை. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அங்கேதான். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது, அதற்குப் பட்டறைதான். பிறகு உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்து, இருவரும் ஜேபிஜே முகப்பில் கைரேகை வைத்துப் பெயரை மாற்றுங்கள். பெரிய தொகை கைமாறுவது அப்போதுதான்.

திரும்பி வரும்போது தங்கை பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "பணத்தைப் போட்டிருந்தா என்னண்ணே ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அந்த 1,000 வெள்ளி அவளுடைய நாலு மாத ஓவர்டைம்.

கார் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை வேலைக்குக் கொண்டுபோய் விடும் ஓட்டுநர் நான்தான். இரவு ஒன்பது மணிக்குக் கிள்ளான் சாலையில் நெரிசல் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு நேரிலேயே தெரியும்.