சாவித்திரியைக் குடிக் கணக்கில் எழுதியவர்கள்

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் ஒன்றின் பெயர் சாவித்திரி. வீட்டுக்குத் தெரியாமல் காதலித்தால் சாவித்திரி. கையில் நாலு காசு புழங்கி அதைத் தன் இஷ்டத்துக்குச் செலவழித்தாலும் சாவித்திரி. "இன்னா நடிகை அவ! கடைசில இன்னா ஆனா பாத்தியா?" என்று ஆரம்பிப்பார்கள். சொல்கிறவர் அவருடைய ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. முடிவு தெரிந்தால் போதும்.

பத்திரிகையில் எழுதுகிறவர்களும் இதையேதான் கொஞ்சம் நல்ல தமிழில் செய்கிறார்கள். டிசம்பர் 26 அவருடைய நினைவு நாள். அன்றைக்கு வரும் கட்டுரைகளைப் பாருங்கள். முதல் பத்தியில் பெரிய கண்கள், இரண்டாவதில் காதல், மூன்றாவதில் பாட்டில், நான்காவதில் 19 மாதக் கோமா. நடுவில் எங்கோ ஒரு மூலையில், இடமிருந்தால், படங்களின் பெயர்கள். இப்படி எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடுவார்கள். அந்தக் கண்ணீர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். திட்டுகிறவரிடம் சண்டை போடலாம், அனுதாபப்படுகிறவரிடம் என்ன செய்வது?

1953இல் தெலுங்கிலும் தமிழிலும் 'தேவதாஸ்' வந்தது. நாகேஸ்வர ராவ் தேவதாஸ், சாவித்திரி பார்வதி. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் துணிவில்லாமல் காதலியைக் கைவிட்ட ஒருவன், அந்தத் துக்கத்தில் குடித்துக் குடித்து, கடைசியில் அவள் வீட்டு வாசலிலேயே வந்து சாகிறான். ஊரே அழுதது. அதோடு நிற்கவில்லை. தேவதாஸ் என்ற பெயர் தமிழில் ஒரு பொதுச் சொல்லாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பையன் பத்து நாள் தாடியோடு டாஸ்மாக் பக்கம் நின்றால், "இன்னாடா, தேவதாஸ் ஆயிட்டியா?" என்று தோளில் தட்டி, கூட ஒரு டீயும் வாங்கிக் கொடுப்பார்கள்.

பார்வதி என்ன ஆனாள்? வயதான ஜமீன்தாருக்கு இரண்டாம் தாரமாகப் போய், அவருடைய பிள்ளைகளையும் வீட்டையும் நிர்வகித்தாள். நொறுங்கிப் போனவள் அவளும்தான். ஆனால் அவள் பெயர் எந்தச் சொல்லாகவும் ஆகவில்லை. அந்தப் பார்வதியாக நடித்தவர் பின்னாளில் தன் வாழ்க்கையில் உடைந்து குடித்தபோது, தேவதாஸுக்காக அழுத அதே தமிழ்ச் சமூகம் மூக்கைப் பொத்திக்கொண்டது.

என் பெரியம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவர். விடியற்காலை இரண்டு மணிக்கு ஏலத்துக்குப் போய், ஐஸ் தண்ணீரில் நின்று, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போய் வருவார். இரவு இடுப்பு வலிக்கு ஒரு கட்டிங் போடுவார். பெரியப்பாவும் குடித்தார், அவரைவிடப் பல மடங்கு. பெரியப்பா செத்தபோது "மனசு நொந்து குடிச்சான், பாவம்" என்றார்கள். பெரியம்மா செத்தபோது "குடிச்சே செத்தா" என்றார்கள். இரண்டு சாவுக்கும் வந்து உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள்தான்.

இது ஏதோ எங்கள் குப்பத்து வழக்கம் என்று நினைக்க வேண்டாம். கவிஞர் கண்ணதாசன் தான் குடித்ததைத் தானே எழுதினார். படம் எடுத்துக் கடனாளியானதையும் எழுதினார். 'பாசமலர்' படத்துக்குப் பாட்டு எழுதிய அவரும், அதில் நடித்த சாவித்திரியும் ஒரே ஆண்டில் இறந்தார்கள். அவர் 1981 அக்டோபர் 17, இவர் டிசம்பர் 26. அவர் அரசவைக் கவிஞராகவே இறந்தார். காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், அந்தத் தமிழுக்கு அது தகும். அவருடைய மதுவைப் பட்டிமன்ற மேடையில் சொன்னால் கைதட்டுகிறார்கள், ரசனை என்கிறார்கள், அனுபவம் என்கிறார்கள். சாவித்திரியின் மதுவுக்கு மட்டும் அனுபவம் என்ற பெயர் ஏன் கிடைக்கவில்லை?

அடுத்தது காதல். 1952இல் மைசூர் சாமுண்டி கோயிலில் ஜெமினி கணேசனுக்கும் சாவித்திரிக்கும் ரகசியமாகத் திருமணம் நடந்தது. கணேசனுக்கு அப்போதே மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். இந்து ஆண் ஒரு மனைவி இருக்க இன்னொரு திருமணம் செய்யக் கூடாது என்று சென்னை மாகாணத்தில் 1949லேயே சட்டம் வந்திருந்தது. நாடு முழுவதுக்கும் 1955இல் வந்தது. இறந்துபோன ஒருவரின் படுக்கையறையில் எனக்கு வேலை இல்லை. என் சண்டை பட்டம் கொடுத்தவர்களோடு. அவருக்கு 'காதல் மன்னன்' என்று பெயர். அதே காதலுக்காகச் சாவித்திரிக்குக் கிடைத்தது 'ஏமாந்தவள்'. கதை ஒன்றுதான், சம்பவமும் ஒன்றுதான், ஒருவருக்குக் கிரீடம், ஒருவருக்குப் பாடம்.

முதல் மனைவியையும் இந்த எழுத்தாளர்கள் விட்டுவைக்கவில்லை. அவரைப் பொறுமையின் சிலையாக்கி ஒரு தட்டில் வைத்து, சாவித்திரியை இன்னொரு தட்டில் வைத்து நிறுக்கிறார்கள். தராசைப் பிடித்த கை யாருடையது என்று கேட்பாரில்லை.

இவ்வளவு சத்தத்தில் காணாமல் போனது அவருடைய வேலை. 'மாயாபஜார்' 1957இல் வந்தது. அதில் சாவித்திரி பலராமரின் மகள் சசிரேகை. கல்யாணத்தைக் கெடுப்பதற்காகக் கடோத்கஜன் சசிரேகையாக உருமாறி மணமேடைக்கு வருகிறான். கடோத்கஜனாக நடித்தவர் எஸ்.வி.ரங்கா ராவ், மலை போன்ற ஆள். உருமாறிய பிறகு அந்தக் கடோத்கஜன் சாவித்திரிதான். உடம்பு மணப்பெண்ணுடையது, உள்ளே இருப்பது ராட்சசன். தோளைத் தூக்கி, காலை அகட்டி, ரங்கா ராவின் கனத்தைத் தன் நடையில் கொண்டுவருகிறார். யாராவது பார்த்தால் சட்டென்று நாணப்படுகிறார். மாப்பிள்ளையின் காலை ஒரு மிதி மிதித்துவிட்டு ஒன்றும் தெரியாதவளைப் போல உட்காருகிறார். இன்னொரு நடிகரின் உடல்மொழியைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, அதன்மேல் பெண்மை என்று ஊர் சொல்வதை வேஷமாகப் போட்டுக் காட்டுவது எவ்வளவு பெரிய வித்தை! பெண்மை ஒரு வேஷம் என்று இன்று வகுப்பறையில் தடித்த புத்தகங்களை வைத்துக்கொண்டு பேசுகிறோம். நாணம் எந்த நொடியில் மாட்டப்படுகிறது, எந்த நொடியில் கழற்றப்படுகிறது என்று அந்தக் காட்சியில் நம் கண்ணுக்கே தெரியும். அப்போது அவருக்கு இருபதைத் தாண்டிச் சில வயதுதான்.

1964இல் வந்த 'நவராத்திரி'யை எல்லோரும் சிவாஜியின் ஒன்பது வேடம் என்கிறோம். உண்மைதான், அது அவருடைய நூறாவது படமும்கூட. ஆனால் ஒன்பது பேரையும் எதிர்கொள்கிறவள் ஒருத்தி. வீட்டை விட்டு வெளியேறிய அந்தப் பெண் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகப் பயந்து, தப்பித்து, இரங்கி, தெருக்கூத்தில் ஆடி, மனநல மருத்துவமனையில் பைத்தியமாகவும் நடிக்கிறாள். வேடத்தை மாற்றாமல், ஒப்பனையின் துணை இல்லாமல். அவருடைய ஒன்பதை யாரும் எண்ணவில்லை.

இப்போது காசு. 'பாசமலர்' 1961. அண்ணன் ஆலைத் தொழிலாளி, வேலை போய்விடுகிறது. தங்கை ராதா பொம்மை செய்து விற்றுச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். அந்த முதலில் தொழில் தொடங்கி அண்ணன் முதலாளியாகிறான். அதற்குப் பிறகு ஆலை அண்ணனுடையது, தொழிற்சங்கம் காதலனுடையது, சண்டை இரண்டு ஆண்களுடையது. ராதாவுக்கு அழுகை. முதலீடு செய்தவள் அவள் என்பதைப் படமே மறந்துவிடுகிறது. அறுபது வருடமாக அழுதுகொண்டே பார்க்கிற நாமும் சேர்ந்து மறந்துவிட்டோம்.

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் எழும்பிய காலம்தான் அது. அந்தச் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு ராதாவைத் தெரியும். ஆலை வாசலில் இட்லிக் கூடையோடு உட்கார்ந்து மகனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவள் ராதா. மீன் விற்ற சீட்டுப் பணத்தையும் தாலிச் சங்கிலியை அடகு வைத்த பணத்தையும் போட்டு ஃபைபர் படகுக்கு எஞ்சின் வாங்கிக் கொடுத்தவள் ராதா. படகு பதிவானது வீட்டுக்காரர் பெயரில். இப்போது அதே பெண்கள் குழு லோன் எடுக்கிறார்கள். கையெழுத்தும் வாராவாரம் தவணையும் அவர்களுடையது, பணம் போகுமிடம் வேறு.

சாவித்திரி திரையில் செய்ததையும் தாண்டி ஒன்றைச் செய்தார். தான் சம்பாதித்த பணத்தைத் தானே முதலாகப் போட்டுத் தானே தொழில் செய்யப் பார்த்தார். 1968இல் 'சின்னாரி பாபலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். படக்குழுவில் பெண்களைச் சேர்த்தார், இசைக்குப் பின்னணிப் பாடகி பி.லீலாவைக் கூப்பிட்டார். அதையே அடுத்த ஆண்டு தமிழில் 'குழந்தை உள்ளம்' என்று எடுத்தார். 1971இல் 'பிராப்தம்'. தமிழில் அவருக்கு முன்னால் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம். 1936இல் 'மிஸ் கமலா' எடுத்த டி.பி.ராஜலட்சுமி, 1953இல் 'சண்டிராணி' எடுத்த பானுமதி. பானுமதிக்குப் பின்னால் பரணி என்று சொந்த நிறுவனம் இருந்தது. சாவித்திரிக்கு இருந்தது நடித்துச் சேர்த்த சொத்து. 'பிராப்தம்' ஓடவில்லை. வருமான வரிச் சிக்கலும் சேர்ந்துகொள்ள, வீடு வாசல் போயிற்று.

படம் எடுத்து நொடித்த ஆண்கள் கோடம்பாக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு "கலைக்காக இழந்தவர்" என்று பெயர். சாவித்திரி இழந்ததற்கு "சொல்பேச்சுக் கேட்காதவர்", "கணக்குத் தெரியாதவர்", "குடியில் அழித்தவர்". தொழிலில் வந்த நஷ்டத்தையும் பாட்டிலுக்குள் ஊற்றிவிட்டார்கள். 2018இல் வந்த 'நடிகையர் திலகம்' அவரை மரியாதையோடு பார்த்த படம்தான், கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதிலும் அவர் இயக்குநரானது காதல் கதையின் ஒரு திருப்பமாகத்தான் நிற்கிறது. ஒரு படப்பிடிப்புத் தளத்தை நடத்துகிறவர் காலையில் வந்து என்ன செய்தார், கேமராக்காரரோடு என்ன வாதம் செய்தார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அது கிடைக்கவில்லை.

அவர் குடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. குடித்தார், சர்க்கரை நோய் இருந்தது, நாற்பதுகளிலேயே செத்துப்போனார். அது நோய். நோயை ஒழுக்கமாக்கி, அந்த ஒழுக்கத்தைப் பதினெட்டு வயதுப் பெண்ணின் முதல் சம்பளக் கவர்மேல் ஒட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற பிள்ளை ஏ.டி.எம். கார்டைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வேன் என்று சொன்னால், அவளுக்குச் சாவித்திரி கதை சொல்லப்படுகிறது. கார்டு அப்பா கைக்குப் போகும் வரை சொல்லப்படுகிறது.

வரும் டிசம்பர் 26க்கு எழுதப்போகிறவர்களிடம் சில கேள்விகள். 'குழந்தை உள்ளம்' படத்தில் குழந்தைகளை எப்படி நடிக்க வைத்தார்? 'பிராப்தம்' தெலுங்கு 'மூக மனசுலு'வின் மறு ஆக்கம். அதில் தான் நடித்த பாத்திரத்தையே ஏழு வருடம் கழித்துத் தானே இயக்கி நடித்தபோது எதை மாற்றினார், எதை விட்டுவைத்தார்? நாயகனுக்கும் அவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம், அவருடைய கணக்கு வழக்கைப் பார்த்தவர்கள் யார்? 'சின்னாரி பாபலு'வில் வேலை செய்த பெண்கள் அடுத்து எந்தப் படத்துக்குப் போனார்கள், அவர்களை யாராவது கூப்பிட்டார்களா?