நிறம் திரிந்தால் வரலாறும் திரியும்

தில்லைக் கோயிலிலுள்ள சிவகாமியம்மை கோயிலின் முன்மண்டபத்து மேற்கூரையில் 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து ஓவியங்கள் உள்ளன. ஐயமேற்கும் இறைவனின் கதையும் மாணிக்கவாசகர் வரலாறும் அங்கு நிறங்களாய் நிற்கின்றன. ஆயின் தீட்டிய நிறம் நிலையானதன்று. புகையும் ஈரமும் அதனைத் தின்னும். நாளை அவ் வோவியம் எவ்வாறிருந்தது என வினவுவார்க்கு ஒளிப்படமே சான்று. அச் சான்று பொய்க்கலாமா?

கணினியில் நிறம் என்பது வெறும் எண். எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என வரையறுப்பதே நிறவெளி. 1996இல் வெளிவந்த எசு.ஆர்.சி.பி. எனும் நிறவெளி, மாந்தக் கண் காணும் நிறப்பரப்பில் ஏறத்தாழ 35 விழுக்காட்டையே கொள்ளும்; 1998இல் வந்த அடோபி நிறவெளி ஏறத்தாழ 50 விழுக்காட்டைக் கொள்ளும். கூடுதலாவது பெரிதும் பச்சையும் பசுநீலமுமே. கடலூர்க் கடலின் பசுநீலத்தைப் படம்பிடிப்பார்க்கு இவ் வேறுபாடு புலப்படக் கூடும்.

இதனால், அகன்றதே எஞ்ஞான்றும் நன்று என முடிவு கட்டுதல் பிழை. ஒளிப்படத்தாளில் படியெடுக்கும் கடைகள் பெரும்பாலும் குறுகிய வெளியையே எதிர்பார்க்கும். அகன்ற வெளியிலுள்ள படத்தை மாற்றாமல் அங்குக் கொடுத்தால், அது மங்கி வெளிறி வரும். அச்சகப் பொறியோ சயான், மெசந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் அச்சிடுவது. திரையில் ஒளிரும் நிறமெல்லாம் தாளில் ஏறா.

ஆகவே செய்யத்தக்கது இது: ஓவியத்தோடு நிறவட்டை ஒன்றையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும், படக்கருவியின் மூலப்பதிவை அழியாமல் காக்க வேண்டும். நிறமொன்றுக்கு 256 படிகளே தரும் பதிவை விடுத்து, 65,536 படிகள் வரை தரும் பதிவில், அகன்ற வெளியில் திருத்தம் செய்ய வேண்டும். பின்னரே கடைக்கொன்று, அச்சகத்துக்கொன்று, திரைக்கொன்று எனத் தனித்தனிப் படிகளை உரிய வெளிக்கு மாற்றி, நிறவெளிக் குறிப்பையும் உடன் பதித்துத் தரவேண்டும். ஒருமுறை குறுக்கி எறிந்த நிறம் மீளாது. மூலம் அகன்றிருப்பின் வேண்டும்போது குறுக்கிக் கொள்ளலாம். கண்கவர வேண்டும் என்று பழஞ்செம்மையைக் குருதிச் செம்மையாக்குவதோ, அழகுபடுத்தல் எனும் பெயரால் செய்யும் பொய்ச்சான்றே!

நிறவெளி, நிறவட்டை, மூலப்பதிவு எனத் தமிழிலேயே சொல்லிக் கற்பித்தால், கடலூரிலும் சிதம்பரத்திலும் படக்கடையில் பணிபுரியும் இளைஞன் பொருள் உணர்ந்து தெரிவு செய்வான். பொருள் விளங்காத அயற்சொல்லைக் கண்டு பொறியை அழுத்துவான் கைக்கு அறிவு துணையாகாது. முன்னோர் தீட்டினர், காலம் அழிக்கின்றது. எஞ்சிய நிறத்தை உள்ளவாறே பதிந்து வைத்தல் தமிழர் கடன். அக் கடனை இன்றே தொடங்குக!